இல்லமும் உடலும்: லங்கணம் கூடாத காய்ச்சல்

சங்கத்து அன்பர்கள் பலர், "அன்னையார் நலந்தானே?" என்று கேட்ட வண்ணம் இருக்கின்றனர். நலமே. ஆயினும் சென்ற ஆவணித் திங்களில் நம் இல்லத்தில் நிகழ்ந்ததை இப்பகுதியில் எழுதிவிடுவது நன்றெனத் தோன்றுகிறது.

நம் அன்னையாருக்கு உள்ளது அடிசன் நோய். சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள இரு சிறு சுரப்பிகள் பழுதுற்று, கார்ட்டிசால் என்னும் சுரப்பு அற்றுப்போகும் அரிய நோய் இது. இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் இதனை விவரித்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த கென்னடிக்கும் இந்நோய் இருந்தது. காசநோய் அச்சுரப்பிகளைத் தாக்குவதாலும் இது வரும். அன்னையாருக்கு வந்தது அவ்வழியே. முகமும் விரற்கணுக்களும் கறுத்தபோது, நாகபுரி வெயில் என்றோம். நார்த்தங்காய் ஊறுகாயைத் தனியே எடுத்துச் சுவைத்தபோது, திருநெல்வேலி நாக்கு என்றோம். உடல்தான் உப்பைக் கேட்கிறது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

நாள்தோறும் மாத்திரை உண்டு இந்நோயோடு நெடுங்காலம் வாழலாம். இடர் வருவது சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற எளிய பிணிகளால்தான். நலமுள்ளவர் உடல் காய்ச்சல் கண்டதும் அச்சுரப்பைத் தானே மிகுத்துக்கொள்ளும். அன்னையாருக்கோ மாத்திரையைத்தான் மிகுக்க வேண்டும். காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினால் இருமடங்கு என்பது அவருக்கு மருத்துவர் வகுத்த கணக்கு.

அன்னையார் செய்தது இதற்கு நேர்மாறு. காய்ச்சலுக்கு லங்கணமே மருந்து என்று வளர்ந்தவர் அவர். கஞ்சித் தெளிவோடு நிறுத்திக்கொண்டு, வெறும் வயிற்றில் ஆகாது என்று மாத்திரைகளையும் விட்டுவிட்டார். நம்மிடம் சொல்லவுமில்லை. "ராத்திரி வேலைக்குப் போற பிள்ளைகிட்ட இதையெல்லாமா சொல்லுவாக?" என்பது அவர் நியாயம்.

இரண்டாம் நாள் இரவு வாந்தி கண்டது. எழுந்தவர் தலைசுற்றிச் சாய்ந்தார், பேச்சும் தடுமாறியது. நாம் அலுவலகத்தில் இருந்தோம். இல்லாள் அண்டை வீட்டார் துணையோடு ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றாள். என்ன நோய், என்ன மருந்து என்று இந்தியில் கேட்டனர். அவளுக்குத் தெரிந்த இந்தி காய்கறிக் கடைக்கு மட்டுமே போதுமானது. சலைன் ஏற்றினர். வேண்டிய ஊசியோ, நாம் சீட்டோடு ஓடிச்சென்ற பின்னரே கிடைத்தது. இடையில் இரண்டு மணி நேரம் கழிந்துவிட்டது. அவர்கள்மேல் குறை சொல்லோம். சீட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் கொண்டுபோனவர் நாமே.

இப்போது ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றிலும் எழுதிய அட்டையொன்று அன்னையாரின் சுருக்குப்பையில் இருக்கிறது. நோயின் பெயர், நாள் மருந்து, வாந்தி கண்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி உடனே தேவை என்பது, நம் தொலைபேசி எண் ஆகியவை அதில் உள. ஊசிமருந்துக் குப்பியும் இல்லத்தில் உண்டு. தொடையில் செலுத்தும் முறையைச் செவிலி ஒருவரிடம் இல்லாள் கற்றுக்கொண்டாள். நாமும் கற்றோம்; ஆனால் கை நடுங்குகிறது.

ஊருக்குப் புறப்படுவோர் மாத்திரைகளைப் பெட்டியில் வைத்து இருக்கையின்கீழ்த் தள்ளாதீர்கள், மடியில் வையுங்கள். வழியில் உடல் கெட்டால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லலாம்; 139-ஐயும் அழைக்கலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்போர் இல்லங்களும் நம்மிடையே உள்ளன. அவர்தம் சுரப்பிகளும் உறங்கிப்போயிருக்கலாம். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. காய்ச்சல் நாளில் அறவே ஆகாது.

அன்னையார் இன்றும் காய்ச்சலை மறைக்கப் பார்ப்பவரே. காலைக் காப்பியைப் பாதியில் வைத்தால் ஐயம் கொள்கிறோம். ஆனால் சென்ற வாரம் பேத்தியை அழைத்து, "அந்தத் தெர்மாமீட்டரை எடுத்தா" என்றார். 99 காட்டியது. "இதுக்குப் போயா கேட்டீங்க, ஆச்சி?" என்றாள் பேத்தி. இன்னுமொருமுறை பார்க்கச் சொன்னார்.