உருவம் மட்டும் எஞ்சினால் போதுமா?

ஓலைச்சுவடியைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். கணிப்பொறிக் கோப்பைப் படிக்கவோ, அதனை ஆக்கிய மென்பொருளும் எழுத்துருவும் உடனிருத்தல் வேண்டும். அவை மாய்ந்துவிடின் கோப்பு இருந்தும் இல்லாததே. இவ்விடரைக் களையவே, 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எப். கோப்பு வடிவினின்று, காப்பகங்களுக்கென்றே ‘பி.டி.எப்./ஏ’ என்னும் செந்தரத்தை அனைத்துலகச் செந்தர அமைப்பு 2005-இல் வகுத்தது. எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிந்து வைத்தல் வேண்டும். கடவுச்சொற் பூட்டு கூடாது என்பன அதன் கட்டளைகளுட் சில. அச்சுத் தொழிலுக்கும் பார்வையற்றோர்க்கும் வேறு வேறு செந்தரங்கள் உள, அவை நிற்க.

தமிழர் கருதவேண்டியது இச்செந்தரத்துள் இருக்கும் படிநிலைகளையே. ‘பி’ என்னும் கீழ்நிலை, பக்கத்தின் தோற்றம் மாறாமைக்கு மட்டுமே பொறுப்பேற்கும். 2011-இல் வந்த இரண்டாம் பகுதியில் சேர்ந்த ‘யு’ நிலையோ, கோப்பிலுள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருங்குறி இணைப்பு இருத்தல் வேண்டும் என்கின்றது. ஆங்கிலத்தார்க்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. நமக்கோ அதுவே உயிர்நிலை!

எங்ஙனமெனில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘அ’ அமர்ந்திருப்பது ஆங்கில ‘எம்’ எழுத்தின் இருக்கையில். கண்ணுக்குத் தமிழாகவே தோன்றும் அப்பக்கத்தில் ‘அம்மா’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. படியெடுத்து வேறிடத்து ஒட்டினாலோ, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே வந்து விழும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. அவ்வாங்கில எழுத்துகளுக்கே ஒருங்குறி இணைப்புத் தந்துவிட்டால், ‘யு’ நிலை ஆய்வுக்கருவியும் குறையின்றி ஏற்றுக்கொள்ளும். இணைப்பு உண்டா என்று பார்க்குமேயன்றி, அது தமிழா என்று பார்க்க அதற்குத் தெரியாது. (‘கொ’வைத் துண்டு துண்டாக வரைவதால், ஒருங்குறிக் கோப்பிலும் சிலபோது எழுத்து முறைபிறழ்ந்து வருவதுண்டு.)

தமிழ்நாட்டரசு ஒருங்குறியைச் செந்தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன்னரும், ஏன், பின்னரும்கூடப் பழைய எழுத்துருக்களில் கோக்கப்பெற்ற நூல்களும் இதழ்களும் மலர்களும் எண்ணில. அவற்றை அப்படியே பி.டி.எப்./ஏ ஆக்கிக் ‘காத்துவிட்டோம்’ என்று மார்தட்டுவது, பேழையுள் படத்தை வைத்துவிட்டுப் பொருளைத் தொலைப்பதாகும்.

ஆகவே, பதிப்பாளர்களே, இதழ் நடத்துவோரே! கோப்பைப் பெற்றுக்கொள்ளுமுன் ஒருவரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாய் வாராதாயின் அச்சகத்தார்க்கே திருப்பி விடுங்கள். பழைய மூலக்கோப்புகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, அதன்பின்னரே ‘யு’ நிலையிற் சேமியுங்கள். அப்பழைய எழுத்துருக்களில் எவ்வெழுத்து எவ்விருக்கையில் இருந்தது என்றறிந்த கோப்பாளர்கள் நம்மிடை இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.