தினமும் பேசிய ஒலிபெருக்கி

பேரிடர் என்றதும் தொண்டு நிறுவனங்கள் நம் நினைவுக்கு வருவது சாப்பாட்டுப் பொட்டலத்தோடும் போர்வையோடும்தான். அது ஆபத்து வந்துபோன பிறகு நடப்பது. வருவதற்கு முன்னால் ஓர் அறக்கட்டளையால் என்ன செய்ய முடியும்? பதில் புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவக் கிராமத்தில் இருக்கிறது.

1998-லிருந்து புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்து வந்தது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை. நல்லவாடு மையத்தில் கடல் நிலவரத்தை ஊருக்குச் சொல்ல ஓர் ஒலிபெருக்கி இருந்தது.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்கு போன் செய்தார். உடனே அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அது சுனாமிக்காக வாங்கிய கருவி இல்லை. தினமும் பயன்பட்டது. அதனால்தான் அன்று அதில் கேட்ட குரலை ஊர் நம்பியது.

சரி, ஓசூர் ஜூஜுவாடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இங்கே கடல் இல்லை. ஆனால் எல்லையைத் தாண்டியதும் வருகிற அத்திப்பள்ளியில், 2023 அக்டோபர் 7 அன்று பட்டாசுக் கடை எரிந்து 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் தீபாவளி நேர வேலைக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள். 2024 டிசம்பரில், நம் மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி வாகனங்களை அடித்துச் சென்றது.

ஜூஜுவாடி லைன் வீடுகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என எல்லாம் கேட்கும். நடுராத்திரியில் 'தீ... ஓடுங்க!' என்று தமிழில் கத்தினால் பக்கத்து ரூம் பீகார் தம்பிக்குப் புரியுமா?

இங்கே உதவ நினைக்கும் அமைப்புகள் இதிலிருந்தே தொடங்கலாம். தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், மொழிக்கு ஒரு ஆள். தண்ணீர் லாரி வரும் நேரம், கரன்ட் கட், மருத்துவ முகாம் எல்லாம் அதில் வாய்ஸ் மெசேஜாக வரட்டும். பழகிய குரல் என்றால், ஆபத்து நாளில் கதவைத் திறந்து வெளியே வருவார்கள்.

இன்றே செய்ய ஒன்று: 101 (தீயணைப்பு), 108 (ஆம்புலன்ஸ்), 1077 (மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை) எண்களைக் கதவில் ஒட்டுங்கள். எல்லையில் போன் கர்நாடக டவரைப் பிடிக்கலாம். அதனால் பேசும்போது முதலில் 'தமிழ்நாடு, ஓசூர், ஜூஜுவாடி' என்று சொல்லுங்கள். இதைப் பக்கத்து ரூம் தம்பிக்கும் சொல்லிக் கொடுங்கள்.