தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள், தோழர்களே!

மத்தூர், போச்சம்பள்ளி, பர்கூர், ஊத்தங்கரை வட்டாரத்துக் கூத்துக்காரர்களே, பம்பைக்காரர்களே, பறையடிக்கும் தம்பிகளே, ஷிப்ட் முடிந்து வந்து செல்போனில் பாட்டுக் கட்டும் சிப்காட் தொழிலாளர்களே, கல்லூரி பஸ்ஸின் கடைசி சீட்டில் ராப் எழுதும் தங்கைகளே!

பங்குனி பிறந்தால் ஆடி வரை நமக்குத் தூக்கம் கிடையாது. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. படுகளத்தில் துரியோதனன் விழும்வரை ஊர் விழித்திருக்கும். இந்த ஆண்டு விழாக் குழுவினர் வெற்றிலை பாக்கோடு வந்து அச்சாரம் கொடுப்பதற்கு முன்பே வேறு ஆட்கள் நம் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வருகிறார்கள், சென்னையிலிருந்து வருகிறார்கள். மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். உங்கள் பாட்டைப் பதிவு செய்து உலகமெல்லாம் கொண்டுபோகிறோம் என்கிறார்கள். கையில் கொஞ்சம் ரொக்கம், கூடவே ஆங்கிலத்தில் ஐந்தாறு பக்கக் காகிதம். நம்மில் சிலர் கையெழுத்துப் போட்டும் கொடுத்துவிட்டோம். மிச்சமிருப்பவர்களைக் கையைப் பிடித்துக் கேட்கிறேன்: கூடிப் பேசும்வரை ஒருவரும் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தக் காகிதங்களில் ஒன்றை வக்கீல் தோழர் ஒருவரை வைத்து வரி வரியாகப் படித்தோம். பதிவான ஒலி அவர்களுக்குச் சொந்தம். மெட்டு, வரி, அடி எல்லாமே சொந்தம். எத்தனை காலத்துக்கு? என்றென்றைக்கும். எந்தெந்த ஊரில்? பிரபஞ்சம் முழுவதும். இன்றைக்கு இருக்கிற கருவிகளில் மட்டுமல்ல, இனிமேல் யார் என்ன கண்டுபிடித்தாலும் அதிலும். நமக்கு ஒரே ஒரு முறை ரொக்கம். அதோடு கணக்குக் கேட்கும் பாத்தியதை முடிந்தது. இது நம் மாந்தோப்புக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டவர், காய் எத்தனை லோடு போனது, கூழ் ஆலையில் என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று கேட்க முடியாது. ஆனாலும் குத்தகை முடிந்தால் தோப்பு அவருக்குத் திரும்பிவிடும். நம் பாட்டு திரும்பாது.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பம்பை வாசிக்கும் மாமாவை ஒரு கம்பெனி பெங்களூருக்கு அழைத்துப் போனது. மரத்தில் ஒன்றும் வெண்கலத்தில் ஒன்றுமாகச் சேர்த்துக் கட்டிய பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணாடி அறைக்குள் நின்று, அரை நாள் வாசித்தார். கரகம் புறப்பாட்டுக்கு ஓர் அடி, அம்மன் அழைப்புக்கு ஓர் அடி, சாமி மலையேற ஓர் அடி. அவருடைய அப்பாவிடம் கற்றது. அப்பா அவருடைய மாமனிடம் கற்றது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். பாட்டு வெளியானபோது கவிஞர் பெயர் இருந்தது, இசையமைப்பாளர் பெயர் இருந்தது, ஒலிக்கலவை செய்தவர் பெயரும் இருந்தது. பம்பைக்காரர் பெயரைக் காணோம். அதையும் பொறுத்துக்கொண்டோம். அடுத்த மாசியில் மயானக் கொள்ளை ஊர்வலத்தில் அதே அடியை அவர் வாசிக்க, அவருடைய மகன் படம் பிடித்து யூடியூபில் போட்டான். மறுநாள் காலையில் அந்த வீடியோவுக்கு உரிமை கேட்டு அதே கம்பெனியின் பெயரில் அறிவிப்பு வந்து நிற்கிறது. பையன் அப்பாவிடம் கேட்டான்: “ஏம்ப்பா, இது நம்ம தாத்தா அடிதானே, இதுக்கு எதுக்கு அவங்ககிட்ட கேக்கணும்?” மாமா பதில் சொல்லவில்லை. நாம்தான் சொல்ல வேண்டும், தோழர்களே.

யூடியூபின் ஏற்பாடு அப்படி. ஒலியை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும்; பதிவு செய்து வைத்திருப்பவனைத்தான் அதற்குத் தெரியும். நாம் மறுத்தால், உரிமை கோரிய கம்பெனியே அந்த மறுப்பைப் படித்து 30 நாளுக்குள் முடிவு சொல்லும். வழக்குப் போட்டவனே நீதிபதியாகவும் உட்காருகிறான். புகார் முற்றி 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை விழுந்தால் சேனலையே மூடிவிடலாம்.

ஆனால் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. இந்த நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் இடத்தில் அந்தச் சட்டம் பாடகர், நடிகரோடு நிற்கவில்லை. கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அப்படியானால் கட்டியங்காரனும் பம்பைக்காரரும் அதற்குள்தான் வருகிறார்கள். நம் நிகழ்ச்சியை நம் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. அந்த உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். 2012இல் வந்த திருத்தம், நிகழ்த்தியவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் கொடுத்தது. அதே திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு ஓடுவது நீங்கலாக மற்ற பயன்பாடுகளில், பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் நிறுவனத்தோடு சமமாக ராயல்டி பெறுவதை விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் பாராளுமன்றத்துக்குள் நின்று வாதாடிக் கிடைத்த உரிமை அது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் காலம் எழுதப்படவில்லை என்றால் ஐந்தே ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் எழுதப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். அவர்கள் ஏன் ‘என்றென்றைக்கும்’, ‘பிரபஞ்சம் முழுவதும்’ என்று மெனக்கெட்டு எழுதுகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதா? கோயில் விழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாட்டு இசைப்பதற்கு யாருக்கும் உரிமத் தொகை கட்டத் தேவையில்லை என்பதும் அதே சட்டத்தில் 52ஆம் பிரிவில் இருக்கிறது. விழாக் குழுவை யாராவது மிரட்டினால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

பெரிய பெயர் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இளையராஜாவே தான் போட்ட பாட்டுகளுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை ராப் பாடகர் அறிவு பாட்டாக்கினார். 40 கோடிக்கும் மேலான முறை பார்த்தார்கள். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டுக்காகப் பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை; இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க மேடையில் பாட்டு ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. பாட்டு யாருடையது என்று உருவாக்கியவர்களுக்குள்ளேயே மனக்கசப்பு வந்து ஊர் முழுக்கப் பேசியது. பிறகு 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் சொன்னார், மூன்று ஆண்டாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று. உலகமே ஆடிய பாட்டின் வரவு செலவை அதை ஆக்கியவர்கள் நேராகப் பார்க்க வழி இல்லை என்றால், மத்தூர்ப் பம்பைக்காரருக்கு யார் கணக்குக் காட்டப் போகிறார்கள்?

அடுத்து, இந்த வியாபாரம் பாட்டையே என்ன செய்கிறது என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதனால் விருத்தம் வேண்டாம், இழுப்பு வேண்டாம், எடுத்தவுடன் அடி விழ வேண்டும் என்கிறார்கள். 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு அங்கே காசே கிடையாது. சிறிய கலைஞர்களின் சில்லறை அப்படியே பெரியவர்களின் பங்கில் போய்ச் சேருகிறது. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1000 பேர் சந்தா சேர்ந்திருக்க வேண்டும், ஓராண்டில் 4000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். நம் கூத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் இரவுக்கு எட்டு மணி நேரம், கோயில் திடலில் ஐந்நூறு பேர். யூடியூப் ஓராண்டில் கேட்கும் 4000 மணி நேரத்தை நாம் ஒரே விடியலில் முடித்துவிடுகிறோம்! பார்வையாளர்கள் இல்லாதவர்கள் அல்ல நாம். கட்டியங்காரன் வந்து ஊர் நடப்பைக் கிண்டலடித்து, தலைவரையும் தாசில்தாரையும் ஒரு பிடி பிடித்து, பிறகுதான் ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்குவான். அந்தக் கிண்டல்தான் நம் கலையின் உயிர். முப்பது விநாடிக்கு வெட்டும்போது முதலில் போவது அதுதான்.

எதைப் பாடலாம் என்பதற்கும் இந்தக் கம்பெனிக்காரர்களிடம் அளவுகோல் இருக்கிறது. ஓவர்டைம் பற்றி, விடியற்காலை கம்பெனி வேனில் தூங்கிவிழும் பெண் பிள்ளைகளைப் பற்றி, ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கும் தெருவைப் பற்றி நம் பிள்ளைகள் எழுதிய பாட்டுகளைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் காதல் பாட்டு இருந்தால் கொடுங்கள் என்கிறார்கள். டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய பாடகர் கோவனை 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்கில் கைது செய்தபோது அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, நாடே பேசியது, பாட்டு இன்னும் பரவியது. கம்பெனி கைது செய்வதில்லை. உரிமையை வாங்கி அலமாரியில் வைத்துவிடும். யார் கேட்பது? பாட்டு செத்ததுகூட வெளியே தெரியாது.

இதில் இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கி ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய தொகை கொடுத்ததாகவும் அவர் சொன்னார். அது முறை. நாளைக்கு நம் கூத்து வாத்தியாரின் குரலை எடுப்பவன் யாரிடம் கேட்பான்? ‘இனி வரும் எந்தத் தொழில்நுட்பத்திலும்’ என்று இன்றைக்கே நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால், கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை.

கம்பெனி இல்லாமல் பாட்டு பரவாது என்று சொல்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடினார். ஒலிநாடா கைமாறிக் கைமாறி ஊர்களுக்குப் போனது. இன்றைக்கும் போராட்டப் பந்தலில் அது ஒலிக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடக் கவிஞர் சித்தலிங்கய்யாவின் பாட்டுகளைக் கர்நாடகம் முழுக்கக் கொண்டுபோனது தலித் சங்கர்ஷ சமிதித் தோழர்களின் தொண்டை. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவையும் ராப்பையும் பறையையும் சேர்த்து இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடியது. சினிமாக்காரர்கள் சம்மதிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அமெரிக்காவிலும் இசைக்கலைஞர்கள் 2020இல் தொழிற்சங்கம் கட்டினார்கள். மறு ஆண்டு மார்ச்சில் ஒருமுறை கேட்டால் ஒரு சென்ட் கொடு என்று கேட்டுப் பல நாடுகளில் ஸ்பாட்டிஃபை அலுவலகங்களின் வாசலில் நின்றார்கள். அவர்கள் கேட்டதும் நாம் கேட்பதும் ஒன்றுதான்.

சினிமாவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஆடி முடிந்தால் நம்மில் பாதிப் பேர் கட்டட வேலைக்கும் கம்பெனி ஒப்பந்த வேலைக்கும் போகிறவர்கள். அந்த வறுமையைத்தான் காகிதத்தோடு வருகிறவர்கள் எடை போட்டு வருகிறார்கள். போங்கள், பாடுங்கள், கூலி வாங்குங்கள். ஆனால் எத்தனை ஆண்டு, எந்த ஊர், எவ்வளவு பங்கு, பெயர் எங்கே வரும் என்ற நான்கும் தமிழில் எழுதப்படாத காகிதத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒருவர் மறுத்தால் பக்கத்து ஊர்க்காரரிடம் போவார்கள். வட்டாரமே மறுத்தால் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

ஏழு பேர் இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கத்தைப் பதிவு செய்யலாம். நாம் நூறு பேருக்குக் குறையமாட்டோம். சங்கத்தின் பெயரில் சேனல் தொடங்குவோம். வாத்தியார்களின் அடியையும் மெட்டையும், கற்றுக்கொடுத்தவர் பெயர், ஊர், தேதியோடு நாமே பதிவு செய்து முதலில் வெளியிடுவோம். பிறகு எவன் உரிமை கேட்டு வந்தாலும் காட்ட நம்மிடம் சான்று இருக்கும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேராதவர்களைச் சேர்ப்போம். விழாக் குழுக்களிடம் போய், டி.ஜே. செட்டுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒதுக்கும் பணத்தில் கூத்துக்கு ஓர் இரவு கேட்போம். பறையடிப்பவரைத் தனியாக, கூத்துக் கட்டுபவரைத் தனியாக நிறுத்தி வைக்கிற பழைய பாகுபாடு சங்கத்துக்குள் வரக் கூடாது. வந்தால் இந்தச் சங்கம் ஒரு மாதம் தாங்காது. ராப் பாடும் தங்கைகளுக்கும் அதே பாயில் இடம்.

வருகிற ஞாயிறு, போச்சம்பள்ளிச் சந்தை கலைந்த பிறகு, மாலை ஆறு மணிக்கு மத்தூர் பஸ் நிலையம் முன்னால் கூடுகிறோம். இரவு ஷிப்ட் உள்ளவர்கள் ஐந்து மணிக்கே வந்து பெயரைப் பதிந்துவிட்டுப் போகலாம். வாத்தியங்களோடு வாருங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் கூச்சப்பட வேண்டாம். உங்களைத்தான் முதலில் எதிர்பார்க்கிறோம். காகிதத்தின் எல்லாப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவாருங்கள். வக்கீல் தோழர் வருகிறார்.