கீழ்ப்படிய மறுத்த மரப்பொம்மை



பெரியோர் சொல் கேட்டு நடக்கும் பிள்ளையே நல்ல பிள்ளை. பினோக்கியோ கதை நம் பலருக்குச் சொல்லப்பட்டது இந்த ஒரு பாடத்துக்காகத்தான். இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொல்லோதி 1883-இல் நூலாக வெளியிட்ட கதையிலும், வால்ட் டிஸ்னி நிறுவனம் 1940-இல் எடுத்த படத்திலும், குறும்பு செய்த மரப்பொம்மை திருந்தி, பரிசாக உண்மைச் சிறுவனாக மாறுகிறது.

மெக்சிகோ இயக்குநர் கில்லெர்மோ தெல் தோரோ, மார்க் கஸ்டாஃப்சனுடன் இணைந்து இயக்கிய 'பினோக்கியோ' இந்தப் பாடத்தையே கேள்விக்கு உள்ளாக்குகிறது. 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்து, 2023 மார்ச்சில் ஆஸ்கார் விருது பெற்ற அனிமேஷன் படம் இது. குண்டுவீச்சும் சாவும் நிறைந்த இருண்ட படம் என்பதால், பிள்ளைகளுக்குக் காட்டலாமா எனப் பெற்றோர் தயங்குவது இயல்பே.

படம் ஓர் ஆலயத்தில் தொடங்கும் துயரத்தைச் சொல்கிறது. தச்சர் ஜெப்பெத்தோ அங்கே பாடுபட்ட சுரூபத்தைச் செதுக்கிக் கொண்டிருக்கிறார். முதல் உலகப் போர்க்காலம். திரும்பிச் செல்லும் போர் விமானம் ஒன்று, சுமையைக் குறைப்பதற்காக உதிர்த்த குண்டுக்கு அவரது மகன் கார்லோ பலியாகிறான். ஆண்டுகள் பல கடந்தும் ஆறாத வேதனையில், குடிபோதையில், அவர் செதுக்கும் பொம்மைதான் பினோக்கியோ.

உயிர்பெற்ற பொம்மை ஆலயத்துக்குள் நுழைந்ததும், மக்கள் அதைப் பேய் என்று கூச்சலிடுகின்றனர். பின்னர் பினோக்கியோ சுரூபத்தை நிமிர்ந்து பார்த்துத் தந்தையிடம் கேட்கிறான்: அவரும் மரம், நானும் மரம், எல்லாரும் அவரை நேசிக்கிறார்கள், என்னை ஏன் வெறுக்கிறார்கள்? சிலுவையை வணங்கும் நாம் எளிதில் கடந்து போக முடியாத கேள்வி இது. மரத்தில் செதுக்கிய இயேசுவுக்கு முன் முழந்தாளிடும் அதே மக்கள்தாம், எதிரே நிற்கும் குழந்தையைத் துரத்துகிறார்கள்.

கதை நடப்பது முசோலினியின் பாசிச ஆட்சியில். அங்கே கீழ்ப்படிதலே எல்லாம். சாகாத பொம்மை சிறந்த படைவீரனாகும் என்று கணக்குப் போடுகிறார் ஊரின் பாசிச அதிகாரி. சிறுவர்களுக்கான போர்ப் பயிற்சி முகாமில், தம் மகன் கேண்டில்விக்கின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, நண்பன் பினோக்கியோவைச் சுடச் சொல்கிறார். அந்த மகன் மறுக்கிறான். தந்தை சொல்லை மீறிய அந்த நொடியில்தான் அவன் மனிதனாக நிமிர்கிறான். தலைமைச் சங்கத்தின் முன் நின்ற திருத்தூதர்களும் மனிதரின் கட்டளையை இப்படித்தான் மறுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். கீழ்ப்படிதல் நற்பண்புதான், ஆனால் யாருக்கு, எதற்கு என்று கேட்கத் தெரியாத கீழ்ப்படிதல் ஆபத்தானது.

ஜெப்பெத்தோ கொடியவர் அல்லர், அன்புள்ளவர். ஆனால் அவர் தேடுவது இறந்துபோன கார்லோவை. பினோக்கியோ கார்லோவாக மாற மறுக்கும்போது, கோபத்தில் அவனைச் 'சுமை' என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல் பிள்ளையை வீட்டைவிட்டு வெளியேறச் செய்கிறது. அதற்காகத் தந்தை நெடுந்தூரம் அலைந்து வருந்த வேண்டியதாகிறது. இறுதியில், நீ யாராகவும் மாற வேண்டாம், நீ நீயாகவே இரு என்கிறார். பினோக்கியோ கடைசிவரை மரமாகவே இருக்கிறான், மாறியவர் தந்தை.

நம் வீடுகளிலும் 'கார்லோ'க்கள் உண்டு. நாம் படிக்க முடியாமல் போன படிப்பு, நமக்குக் கிடைக்காத வேலை, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண். இவற்றையெல்லாம் நம் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு, அவன் தடுமாறும்போது நாமே அவனைச் சுமை என்கிறோம். இறைவன் நம்மிடம் ஒப்படைத்திருப்பது நம் கனவின் நகலை அன்று. இதுவரை இல்லாத ஒரு புதிய உயிரை.

எனவே, மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இப்படம் வேண்டாம். சற்று வளர்ந்தவர்களோடு நாமும் அமர்ந்து பார்ப்போம். முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவர்களிடம் ஒன்று கேட்போம்: நாங்கள் சொன்ன எந்தச் சொல் உன்னைக் காயப்படுத்தியது? பதிலை இடைமறிக்காமல் கேட்போம். அன்றைய குடும்ப செபம் அதிலிருந்தே தொடங்கட்டும்.