கண்ணிருந்தும் காணாமை

'கண் பார்க்கிறது' என்பது உலக வழக்கு. சாஸ்திரம் இதை முழுதும் ஒப்புவதில்லை. கண் வெறும் வாயில். அதன் வழியே வரும் சேதியைப் படித்துப் பொருள் கொள்வது மூளையே. வாயிலிலிருந்து அரண்மனை வரை உள்ள பாதையைச் சற்றுத் தொடர்ந்து செல்வோம்.

பொருளிலிருந்து வரும் ஒளி விழித்திரையிலே தலைகீழான பிம்பமாக விழுகின்றது. அத்திரையில் மங்கிய ஒளியை உணரும் அணுக்கள் ஏறக்குறைய 12 கோடி. நிறத்தையும் நுட்பத்தையும் உணர்பவை சுமார் 60 லட்சம். ஒளியை மின்சாரச் சேதியாக மாற்றுவது இவற்றின் தொழில். மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளோ கண்ணொன்றுக்குச் சுமார் 10 லட்சமே. தந்தி கொடுத்த காலத்தில் நாம் சொற்களைச் சுருக்கினோமல்லவா? விழித்திரையும் அவ்விதமே சேதியைச் சுருக்கி அனுப்புகிறது.

இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் சந்திக்கின்றன. மூக்கை அடுத்த பாதியின் இழைகள் எதிர்ப்புறம் கடக்கின்றன; மற்றவை தம் பக்கமே செல்கின்றன. ஆகவே நமக்கு வலப்புறத்துக் காட்சி இடப்பக்க மூளைக்கும், இடப்புறத்துக் காட்சி வலப்பக்க மூளைக்கும் போய்ச் சேருகின்றன. நடுவே தலாமஸ் என்னும் நிலையத்தில் சேதி கைமாறி, பிடரிப்பக்க மூளையை அடைகின்றது.

பாதை பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. ஆனால் அது பண்படுவது பழக்கத்தினால். அமெரிக்காவில் ஹ்யூபெல், வீஸல் என்னும் இரு விஞ்ஞானிகள், பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடி வைத்துப் பின்பு திறந்தனர். 1963-இல் முடிவை வெளியிட்டனர். கண்ணில் குறையில்லை, ஆயினும் அக்கண்ணால் பூனைக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை! மூளை அணுக்கள் மற்றக் கண்ணுக்கே செவி சாய்த்தன. வளர்ந்த பூனைக்கோ இத்தீங்கு நேரவில்லை. இவ்வாராய்ச்சிகளுக்காக இருவரும் 1981-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இது பூனையோடு நிற்கும் விஷயமன்று. மாறுகண், இரு கண்களுக்கும் பெரிதும் வேறுபட்ட பார்வைக் குறை, பிறவிப் புரை ஆகியவற்றால் ஒரு கண்ணின் சேதி தெளிவின்றி வருமாயின், குழந்தையின் மூளை அதைத் தள்ளிவிடுகிறது. இதையே சோம்பற் கண் என்பர். குழந்தை முறையிடாது, நல்ல கண்ணொன்றே போதுமென்று ஓடியாடும். நம் வீடுகளிலோ, 'மாறுகண் அதிர்ஷ்டம். வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று சமாதானம் சொல்லிக் காலத்தைக் கழிக்கிறோம். அக்காலமன்றோ விலைமதிப்பற்றது!

ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் மிகுதி; பின்னர் முயற்சி வீணன்று, ஆனால் கடினம். மூக்குக்கண்ணாடி அணிவித்தலும், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடி, சோம்பற் கண்ணை உழைக்கச் செய்தலுமே பெரும்பாலும் வைத்தியம். புரையிருப்பின் ரண சிகிச்சை தாமதமின்றி வேண்டும்.

தாய்மார்களே! குழந்தையின் ஒரு கண்ணைக் கையால் மறைத்து விளையாட்டுக் காட்டுங்கள். பின்பு மற்றதை மறையுங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் குழந்தை சிணுங்கித் தட்டிவிடுமாயின், கண் வைத்தியரிடம் உடனே செல்லுங்கள். சிணுங்காவிடினும், பள்ளியில் சேர்க்குமுன் ஒரு முறை காட்டிவிடுதல் நலம்.