பிரேக் பின்னும் மடைப் பலகையும்

2024 ஆடி அமாவாசைக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, ஒரு நாள் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கிட்டு காரையாறு சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடப் போனேன். ஏறும்போது ஒண்ணும் தெரியவில்லை. பாபநாசத்துக்கு இறங்கும்போதுதான் பின்சீட்டில் இருந்து அம்மா சொன்னாக: "எய்யா, என்னமோ கருகுத நாத்தம் அடிக்கே."

யாராவது குப்பையைக் கொளுத்தியிருப்பாங்கன்னு சொல்லிட்டு ஓட்டினேன். ரெண்டு வளைவு தாண்டுவதற்குள், பிரேக்கில் இருந்து காலை எடுத்த பிறகும் வண்டி இடது பக்கமாகவே இழுத்தது. இடது பக்கம் பள்ளம். உள்ளே ரெண்டு உசுரு இருக்கு. ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை வேர்த்துப் போச்சு.

கீழே வந்து நிறுத்தி இறங்கினால், இடது முன் வீல் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. ஒரு பையன் பாட்டில் தண்ணியோடு ஓடி வந்தான். அங்கே நின்ன வேன் டிரைவர் அண்ணாச்சி ஒருத்தர், "ஏல, ஊத்தாத! டிஸ்க் கோணிரும்"னு தடுத்துட்டார். அம்மாவையும் மகளையும் பஸ் ஏத்தி விட்டுட்டு, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ரெண்டாவது கியரிலேயே உருட்டிக்கிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

காரணம் அன்னைக்கு வந்ததில்லை. எட்டு மாசத்துக்கு முந்தியது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நீங்க டிவியில் பார்த்திருப்பீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்களுக்குச் சேரன்மகாதேவி பக்கம், வாய்க்காலை ஒட்டின வீடு. மாடு இல்லாத தொழுவத்தில் நின்ன கார், பாதி டயர் முங்குகிற தண்ணியில் ரெண்டு நாள் நின்னுச்சு. இஞ்சினுக்குள் தண்ணி ஏறலை, சீட் நனையலை. வண்டி தப்பிச்சுதுன்னு நினைச்சோம். பிசான நடவு மேல மணல் மூடிக் கிடந்தப்போ காரைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? ஒரு மாசத்துக்கு மேல அப்படியே கிடந்துச்சு. பொங்கல் கழிந்து டவுனில் ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டேன். பில்லில் 'பிரேக் கிளீனிங்'னு ஒரு வரி இருந்தது. காசு கொடுத்தேன், வந்தேன்.

இப்போ மறுபடி போய்க் காட்டினால், "காலிப்பர் ஜாம் ஆயிருச்சு சார், ரெண்டு பக்கமும் செட்டா மாத்திருவோம்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு ஒரு வயலுக்கு அடியுரம் போடலாம். எங்க ஊர் மெக்கானிக்கிடம் வந்தேன். டிராக்டர், பவர் டில்லர், டிவிஎஸ் பிப்டி எல்லாம் பார்க்கிறவர். "கழட்டிப் பாத்துட்டுப் பேசுவோம்"னார்.

அவர் கழட்டினதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நம்ம ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன் பிரேக்குக்கு ஒரு பக்கம்தான் பிஸ்டன். அது உள்பக்கத்துப் பேடை டிஸ்க் மேல் தள்ளும். தள்ளின வேகத்தில் காலிப்பர் முழுவதும் எதிர்ப்பக்கமா நகர்ந்து, வெளிப்பக்கத்துப் பேடையும் இழுத்து அழுத்தும். அது நகர்வதற்கு ரெண்டு பின், சுண்டுவிரல் தடிமன்கூட வராது. அந்தப் பின் துரு பிடிச்சு மாட்டிக்கிட்டால் காலிப்பர் நகராது. ஒரு பேட் மட்டும் தேயும், காலை எடுத்தாலும் உரசிக்கிட்டே இருக்கும், வீல் காயும், மைலேஜும் குறையும். எனக்கு மூணு மாசமா மைலேஜ் குறைஞ்சுதான் இருந்தது. பெட்ரோல் பங்கைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

மேல் பின் வழுவழுன்னு வந்துச்சு. கீழ்ப் பின்தான் அசையவே இல்லை. துருவை இளக்குகிற எண்ணெயை அடிச்சு, டீ குடிச்சிட்டு வந்து, ஸ்பேனரில் முன்னும் பின்னுமாத் திருகித் திருகி அரை மணி நேரம் போராடினார். கழட்டின காலிப்பரை அது பாட்டுக்குப் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கயிறு போட்டு மேலே கட்டினதைக் கவனிச்சேன். ஹோஸ் இழுபட்டால் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாதாம். பின் வெளியே வந்தப்போ அதில் துருவோடு காய்ஞ்ச வண்டலும் ஒட்டியிருந்தது. தாமிரபரணி வண்டல்தான்! ரப்பர் உறையில் ஒரு சின்ன வெடிப்பு, அது வழியா நுழைஞ்சிருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சார். நல்லவேளையா பின்னில் குழி விழவில்லை. விழுந்திருந்தால் பின்னை மாத்தியே ஆகணும், அதில் கஞ்சத்தனம் கூடாது. துளைக்குள்ளேயும் சுத்தம் பண்ணி, புது ரப்பர் உறை போட்டார்.

கிரீஸ் விஷயத்தில் நான் மூக்குடைபட்டேன். டிராக்டருக்கு வச்சிருக்கிற டப்பாவை எடுத்து நீட்டினேன். "அண்ணாச்சி, அது மண்ணெண்ணெய் வம்சம். ரப்பர் ஊதிரும், மறுபடி ஜாம் ஆயிரும்"னார். பிரேக் பின்னுக்குன்னே சிலிக்கான் கிரீஸ் இருக்கு. அதையும் அப்பாமல், மெல்லிசாத் தடவினால் போதும். நிறையப் போட்டால் காத்து அடைச்சு பின் வெளியே தள்ளும். எந்தப் பின் எந்தத் துளையில் இருந்ததோ அதே துளையில் மாட்டணும். ஒண்ணில் ரப்பர் வளையம் இருக்கும், ஒண்ணில் இருக்காது. தேய்ஞ்ச பேடை மட்டும் ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்தினோம். எல்லாம் மாட்டி முடிச்சதும், நகர்த்துவதற்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தரம் அழுத்தச் சொன்னார், முதல் மிதியிலேயே பிரேக் பிடிக்கணுமே!

கூலி கேட்கத் தயங்கினார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கே கூச்சமாப் போச்சு. டவுன் பட்டறை மேல் இருந்த கோபம் அங்கேதான் கொஞ்சம் தணிஞ்சது. யோசிச்சுப் பாருங்க. பெட்டியில் வருகிற புதுச் சாமானுக்கு நாம பேசாமல் பணம் எண்ணி வைக்கிறோம். ஒரு மனுசன் அரை நாள் குனிஞ்சு உட்கார்ந்து துருவைத் தேய்ச்சதுக்குக் கூலி போட்டால், "வெறும் கிரீஸ் போட இவ்வளவா?"ன்னு கேட்கிறோம். நானும் கேட்டவன்தான். அப்புறம் பட்டறைக்காரன் எதுக்குப் பின்னை உருவிப் பார்க்கணும்? வீலைக் கழட்டாமலே காத்தடிச்சு 'பிரேக் கிளீனிங்'னு எழுதுவான், ஜாம் ஆனதும் காலிப்பரையே மாத்துவான். அந்தப் பழக்கத்தில் பாதி நம்ம பழக்கிவிட்டது.

எங்க தாத்தா வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைச்ச வண்டி மை. சந்தைக்குக் கிளம்பும் முன்னாடி அச்சுக்கு மை போடாமல் மாட்டைப் பூட்ட மாட்டாக. அதை யாரும் செலவாக் கணக்கு வச்சதில்லை.

இதைச் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. ஊரில் அப்பா அம்மாவுக்குன்னு பழைய காரை விட்டுட்டுப் போறீங்க. அது மாசத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரிக்கோ குற்றாலத்துக்கோ கிளம்பும். ஓடுகிற வண்டியைவிடச் சும்மா நிக்கிற வண்டியில்தான் இந்தப் பின் சீக்கிரம் பிடிக்கும். அடுத்த தரம் சர்வீஸ் விடும்போது, பின்னை வெளியே எடுத்தீங்களான்னு ஒரு கேள்வி கேளுங்க. எடுத்திருந்தால் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்க.

எங்க மடைப் பலகையும் இப்படித்தான் கிடக்கு. வெள்ளத்துக்குப் பிறகு புதுசா இரும்புப் பலகை வந்தது, திருகுக்கு எண்ணெய் போட ஆள் வரலை. ஒரு பக்கம் ஏறுது, மறுபக்கம் மாட்டிக்கிட்டு நிக்குது. பிசானத்துக்குத் தண்ணி வருவதற்குள் நாங்களே இறங்கிச் சுரண்டிடலாம்னு ஞாயித்துக்கிழமை நாலு பேர் சேர்றோம். அதில் ரப்பர் கிடையாது, டிராக்டர் கிரீஸே போதும்.