கேளுங்கள், சொல்கிறோம்: ட்ரவுட் ஓடையில் கெண்டை வந்தது எப்படி?

கேள்வி: எங்கள் தோட்டம் நீலகிரியில் எமரால்டு பக்கம் இருக்கிறது. உருளையும் கேரட்டும் போடுகிறோம். தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் அப்பா காலத்தில் தூண்டில் போட்டால் ட்ரவுட் சிக்கும். இப்போது என் மகன் போட்டால் கண்ணாடிக் கெண்டைதான் வருகிறது. போன மே மாதம் ஜிலேபி கெண்டைகூட ஒன்று வந்தது. ட்ரவுட்டைக் கண்டு மூன்று வருடமாகிறது. எங்கள் பண்ணைக்குட்டையில் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வாங்கி வந்த மீன்குஞ்சு விட்டிருக்கிறோம். அதில் மிஞ்சியதை ஓடையில் விடலாமா? எப்படியும் கெண்டை வந்துவிட்டதே, வளர்ந்தால் வீட்டுக்குக் கறியாகுமே என்கிறான் மகன்.

பதில்: விட வேண்டாம். ஒரு குஞ்சுகூட வேண்டாம். முடிவை முதலில் சொல்லிவிட்டேன், இனிக் காரணத்தைப் பார்ப்போம்.

ட்ரவுட் நம் ஊர் மீன் இல்லை. 1860களில் வெள்ளைக்காரர்கள் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார்கள். 1907இல் வில்சன் என்பவர் பொறுப்பேற்று அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் இங்கே நிலைத்தது. கண்ணாடிக் கெண்டையும் வெளியிலிருந்து வந்ததுதான். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. ஆக இரண்டுமே வந்தவைதான். ஆனால் இரண்டும் கேட்கிற தண்ணீர் வேறு.

ட்ரவுட்டுக்கு 12 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினால் இரை எடுப்பது குறையும். 25ஐ ஒட்டிப் போனால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். கடல்மட்டக் கணக்கில் 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரி தண்ணீர் ஏழரை மில்லிகிராம்தான் பிடிக்கும். மலை உயரத்தில் இது இன்னும் குறையும். கெண்டை அந்தக் குறைவையும் தாங்கும், கலங்கலையும் தாங்கும், குளிரையும் ஓரளவு தாங்கும். அதனால் கெண்டை வந்து ட்ரவுட்டைத் துரத்தியது என்று மட்டும் எண்ண வேண்டாம். தண்ணீர் மாறிய இடத்தில் கெண்டைக்கு வசதியாகிவிட்டது என்பதே பெரும்பாலும் நடப்பது.

இப்போது உங்கள் கடிதத்தில் உள்ள ஜிலேபிக்கு வருகிறேன். கெண்டை வந்த வழி ஊகிக்கக் கூடியது. கீழே அணைத் தண்ணீர் தேங்கும் இடத்திலிருந்து ஓடை வழியாக அது மேலே ஏறும். ஜிலேபி அப்படியல்ல. அது வெப்பப் பிரதேச மீன். தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழே போனால் இரையைத் தொடாது, 10 டிகிரியை ஒட்டிப் போனால் செத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் அது ஓடையில் குளிர்காலத்தைக் கடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆக, மே மாதம் சிக்கிய ஜிலேபி அந்த வருடம்தான் ஓடைக்குள் வந்திருக்க வேண்டும். பக்கத்தில் யாரோ ஒருவர் குட்டையிலிருந்து வந்திருக்க வேண்டும். மீன்குஞ்சு வாங்கும்போது ஜிலேபி கலந்து வருவது வழக்கமாக நடப்பது. தப்பாக நினைக்க வேண்டாம், முதலில் உங்கள் குட்டையின் உபரிநீர் வழியைப் போய்ப் பாருங்கள். அங்கே வலை கட்டியிருக்கிறதா?

இதை நான் குற்றம் சொல்லக் கேட்கவில்லை. சுமார் இருபது வருடத்துக்கு முன்பு ஒரு விவசாயி, குட்டை வற்றுகிறது, மிஞ்சிய கெண்டையை என்ன செய்ய என்று என்னிடம் கேட்டார். ஓடையில் விடுங்கள், நாலு உயிர் பிழைத்த புண்ணியம் என்று சொன்னேன். மறுவருடம் போனபோது தெளிவாக இருந்த மடு கலங்கிக் கிடந்தது. கெண்டை சேற்றைக் கிளறித்தான் இரை தேடும். கெண்டையால் மட்டும் கலங்கியது என்று சொல்ல மாட்டேன், மேலே புதிதாக வெட்டிய சரிவு நிலத்து மண்ணும் சேர்ந்திருந்தது. ஆனால் விட்ட மீனைத் திரும்ப எடுக்க எங்களால் முடியவில்லை. அந்த யோசனையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

மண் படிவது ஏன் இவ்வளவு முக்கியம்? ட்ரவுட் குளிர்காலத்தில் கூழாங்கல் அடியில் குழி பறித்து முட்டையிட்டு மூடும். 10 டிகிரித் தண்ணீரில் முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதமாகும். அந்த மாதம் முழுக்கக் கல் இடுக்கில் நல்ல தண்ணீர் ஓட வேண்டும். வண்டல் அடைத்தால் முட்டை மூச்சுமுட்டிப் போகும். கெண்டை தன் முட்டையைச் செடியில் ஒட்டிவைக்கும், அதனால் வண்டலில் அதற்கு அவ்வளவு நஷ்டமில்லை.

அமெரிக்காவில் இதே கவலையில் இருக்கிறார்கள். மொன்டானா மாநிலத்தில் யெல்லோஸ்டோன் ஆற்றின் மேல்பகுதி பேர்போன ட்ரவுட் தண்ணீர். ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன் சற்று வெதுவெதுப்பான தண்ணீரை விரும்புவது, ட்ரவுட் குஞ்சையும் தின்னக் கூடியது. அது அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் உண்டு. 2022 பிப்ரவரியில் அது வெகுதூரம் மேலே, கார்ட்னர் என்ற சிற்றாறு வந்து சேரும் இடத்தருகே, ஒருவர் தூண்டிலில் சிக்கியது. ஒரே ஒரு மீன்தான். ஆனால் மீன்வளத் துறை அதை அலட்சியம் செய்யவில்லை. இனி அங்கே சிக்கினால் திரும்ப விடாதீர்கள், எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள் என்றது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது தடுப்பதுதான் சுலபம் என்பது அவர்கள் கணக்கு.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. தண்ணீர் சூட்டை அளந்து பாருங்கள். ஒரு சாதாரண வெப்பமானி போதும். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் 2 மணி முதல் 3 மணிக்குள், நிழலான இடத்தில் ஒன்றும் வெயில் விழும் இடத்தில் ஒன்றுமாக வாரம் இருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். 18க்குக் கீழே இருந்தால் ஓடை இன்னும் நல்ல நிலையில்தான் உள்ளது. 20க்கு மேலேயே நின்றால் கரையில் நிழல் போய்விட்டது, அல்லது நீரோட்டம் குறைந்துவிட்டது என்று பொருள்.

2. கரையோரம் சில அடி அகலத்துக்கு மண்வெட்டி போடாமல் விடுங்கள். புல்லும் புதரும் தானாக வரட்டும். நிழல் தரும் உள்ளூர் மரம் இருந்தால் வெட்ட வேண்டாம். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேல்மண் உங்கள் நிலத்திலேயே நிற்கும். உங்கள் உரமும் நிற்கும்.

3. தெளிப்பானை ஓடையில் கழுவ வேண்டாம். செயற்கைப் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனையும், மீன் தின்னும் நீர்ப்பூச்சிகளையும் கொல்லும்.

4. குட்டையின் உபரிநீர் வழியில் சிறுகண் வலையை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். மழைக்காலத்தில் இலை அடைத்துக்கொள்ளும், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். குட்டையை வடிக்கும்போது தண்ணீரை ஓடையில் விடாமல் வயலுக்குப் பாய்ச்சுங்கள்.

5. மிஞ்சிய குஞ்சுகளைக் குட்டை வைத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுங்கள். யாரும் இல்லையென்றால் மீன் அமிலம் செய்யலாம். மீன் 1 கிலோ, வெல்லம் 1 கிலோ போட்டு மூடிவைத்து, மூன்று வாரம் கழித்து வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து தெளியுங்கள். காய்கறிக்கு நல்ல வளர்ச்சியூக்கி.

6. ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகத் தந்தால் வாங்கவே வேண்டாம். அதை வளர்க்கவே தடை இருக்கிறது.

மகனுக்கும் ஒரு வார்த்தை. தூண்டில் போடுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். காடும் ட்ரவுட் தண்ணீரும் உள்ள இடங்களில் வனத்துறை, மீன்வளத் துறை அனுமதி வேண்டும். முக்குறுத்தி தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்கக் கூடாது. அனுமதி உள்ள இடத்தில் கெண்டையை மட்டும் குறிவைக்கலாம். ஓட்டம் மெதுவாக உள்ள ஆழமான மடுவில், ராகி மாவு உருண்டையோ மண்புழுவோ கோத்து, அடியில் படுக்கவிட வேண்டும். ட்ரவுட் வேகமாக ஓடும் கல்லிடுக்குப் பக்கம்தான் நிற்கும், அங்கே போட வேண்டாம். சிக்கிய கெண்டையையும் ஜிலேபியையும் திரும்ப விடாமல் குழம்புக்கு வைத்துவிடுங்கள். தப்பித் தவறி ட்ரவுட் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை எடுத்து, தண்ணீருக்குள்ளேயே வைத்து விடச் சொல்லுங்கள்.

“ட்ரவுட் வெளிநாட்டு மீன்தானே, போனால் போகட்டும்” என்று சிலர் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் ட்ரவுட் வாழும் அளவுக்குக் குளிர்ந்து தெளிந்த தண்ணீரில்தான் நம் உள்ளூர்ச் சிறுமீனும், தவளையும், பூச்சியும் நலமாக இருக்கின்றன. அதே தண்ணீர்தான் உங்கள் கேரட்டுக்குப் பாய்கிறது, கீழே உள்ள ஊர்க்காரர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

வரும் கோடையில் அளந்த சூட்டுக் கணக்கை எழுதி அனுப்புங்கள். உங்கள் ஓடையைப் பற்றி அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.